பொருந்தாத எண்ணும் பூட்டிய போனும்

சந்தேகப்படுவதற்கு எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பால்காரர் ஊற்றிய பாலை விரலில் தொட்டுப் பார்க்கிற வீட்டில் பிறந்து, தொட்ட விரலையும் சந்தேகப்படுகிற வீட்டில் வாக்கப்பட்டவள் நான். வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிறவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும், கொஞ்சம் எரிச்சலாகவும் இருக்கும். இந்தக் குணத்தால் எனக்குப் பெரிதாக எதுவும் கிடைத்ததில்லை. ஆனால் தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு வாரம் என் பெயரைக் காப்பாற்றியது இதுதான். அதே வாரத்தில் இதே குணத்தோடு இன்னொருவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கோயமுத்தூர் ஆர்.எஸ்.புரத்தில் எங்கள் வீடு, மாமியார் பெயரில். கணபதியில் மோனோபிளாக் பம்ப் செய்கிற பட்டறை, கணவர் பெயரில். போன் மட்டும் காலமாகிவிட்ட மாமனார் பெயரிலேயே இருந்தது, மாற்ற யாருக்கும் நேரமில்லை. ரேஷன் கார்டில் கடைசி வரியில் நான் இருந்தேன், அதுவும் எழுத்துப்பிழையோடு. நான் கம்ப்யூட்டர் படித்தவள் என்பது கல்யாணப் பேச்சில் ஒரு தகுதியாகச் சொல்லப்பட்டது. கல்யாணத்துக்குப் பிறகு யாரும் அதை ஞாபகம் வைத்துக்கொள்ளவில்லை.

பட்டறைக் கணக்குக்கென்று கணவர் ஒரு கம்ப்யூட்டர் வாங்கினார். லேத்திலிருந்து பறக்கும் இரும்புத் தூசி அதற்கு ஆகாது என்று யாரோ சொன்னதால் அது வீட்டுக்கு வந்து சேர்ந்தது. வெளிநாடு போன கல்லூரித் தோழி ஒருத்தி ஒரு சிடி அனுப்பியிருந்தாள். காசில்லாமல் கிடைக்கிற ஓர் ஆபரேட்டிங் சிஸ்டம் அதில் இருந்தது. உள்ளே என்ன இருக்கிறது என்பதை வரிக்கு வரி திறந்து காட்டுகிற வகை. அதுவே எனக்குப் பிடித்துப்போயிற்று. மூடி வைத்துக் கொடுக்கிற எதையும் நான் முகர்ந்து பார்க்காமல் வாங்குவதில்லை.

என் வேலை என்னவென்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அந்த சிஸ்டத்தை ஒரு குழு செய்கிறது. ஆனால் மக்கள் அதில் பயன்படுத்துகிற ப்ரோக்ராம்கள் பெரும்பாலும் அந்தக் குழு எழுதியவை அல்ல. உலகத்தின் எங்கெங்கோ யார்யாரோ எழுதியவை. ஒவ்வொன்றையும் எங்கிருந்து எடுக்க வேண்டும், எந்த வரியைத் திருத்தினால் இங்கே ஓடும், எங்கே கொண்டுபோய் வைக்க வேண்டும் என்று சமையல் குறிப்பு மாதிரி ஒருவர் எழுதிவைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். அப்படித் தயாரானதைப் பேக்கேஜ் என்போம். வெளியாளை வீட்டுக்குள் சேர்க்கிற வேலை. மருமகளாக வந்தவளுக்கு அதில் புதிதாகத் தெரிந்துகொள்ள ஒன்றுமில்லை.

நான் பார்த்துக்கொண்டது ஒரு சின்ன ப்ரோக்ராம். மெயில் வந்தால் திரையின் மூலையில் ஒரு குட்டிக் கொடியைத் தூக்கிக் காட்டும், அவ்வளவுதான். குறிப்பின் தலையில், இதற்குப் பொறுப்பானவர் என்ற இடத்தில், என் பெயர் இருந்தது. யாருடைய மகள், யாருடைய மனைவி என்று எதுவும் ஒட்டாமல் தனியாக என் பெயர். எழுத்துப்பிழை இல்லாமல். முதல் தடவை அதைத் திரையில் பார்த்தபோது கண் கலங்கிவிட்டது. காப்பி ஆறிவிட்டது என்று சாக்குச் சொல்லிச் சமையலறைக்குள் போய்விட்டேன்.

அந்தக் குறிப்பில் ஒரு நீள எண்ணும் இருக்கும். கூட்டு எண் என்று வைத்துக்கொள்ளுங்கள். எழுதியவரின் ஃபைலில் இருக்கிற ஒவ்வோர் எழுத்தையும் போட்டு அரைத்து எடுத்த எண் அது. ஃபைலில் ஒரு காற்புள்ளி மாறினாலும் எண் முழுக்க மாறிப்போகும். நான் வரிவரியாகப் படித்துச் சோதித்த ஃபைலின் எண்ணைக் குறிப்பில் எழுதிவிடுவேன். பிறகு உலகத்தில் யார் அதை இறக்கினாலும், எண் பொருந்தவில்லை என்றால் கம்ப்யூட்டர் மறுத்துவிடும். சந்தேகத்தையே சட்டமாக்கி வைத்த ஏற்பாடு. எனக்கென்றே செய்தது போலிருந்தது.

விடியற்காலையில்தான் லைன் சும்மா இருக்கும். ஊருக்கு இணைய இணைப்பு வந்த புதிது. பிரவுசிங் சென்டர் என்ற பேச்சே அப்போது இல்லை. ஹாலில் இருக்கிற போனிலிருந்து என் அறைக்கு ஒரு பேரலல் வயர் இழுத்து மோடத்தில் செருகியிருந்தேன். மாமியார் ஹாலில் ரிசீவரை எடுத்தால் மோடம் கத்துவது அவர் காதில் கேட்கும், எனக்கு இணைப்பு அறுந்துபோகும். அவர் அடிக்கடி எடுத்தார்.

"ஆருகிட்ட கண்ணு பேசறே?"

"ஆருகிட்டயும் பேசலீங்க அத்தை. அது கம்ப்யூட்டர் சத்தம்."

"பேசறது கேக்கக் கூடாதுன்னு இப்பிடி ஒரு சத்தத்தை வெச்சிருக்காங்களாட்ட இருக்குது."

அந்தியூர்ப் பக்கத்துக் காடு தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர் என் மாமியார். சந்தையில் மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்த்து, சுழி பார்த்து, அதன் பிறகும் நாலு பேரைக் கேட்டுத்தான் கயிற்றைக் கையில் வாங்குகிற குடும்பம். அவரிடம் விளக்கம் சொல்லச் சொல்லச் சந்தேகம் கூடுமே தவிரக் குறையாது. அது எனக்கு நன்றாகவே தெரியும், நானும் அப்படித்தான்.

அந்தச் சமயத்தில் எங்கள் சிஸ்டத்தின் அடுத்த ரிலீஸ் நெருங்கிக்கொண்டிருந்தது. வெள்ளிக்கிழமையோடு கதவைச் சாத்திவிடுவார்கள். அதற்குள் சரியாக இருக்கிற பேக்கேஜ்கள் சிடியில் ஏறும். அதற்கு முந்தின சனிக்கிழமை காலை மெயிலைத் திறந்தால் யார்யாரோ எழுதியிருந்தார்கள், எல்லாருக்கும் ஒரே குறை. என் பேக்கேஜில் எண் பொருந்தவில்லை.

நானும் இறக்கிப் பார்த்தேன். பொருந்தவில்லை. மாமியார் நடுவில் ரிசீவரை எடுத்திருப்பார் என்று மனசுக்குள் அவரைத் திட்டிவிட்டு, மறுநாள் விடியலில் திரும்ப இறக்கினேன். முந்தின நாள் வந்த அதே தப்பான எண்தான் வந்தது. அப்போதுதான் உறைத்தது. வழியில் கெட்டிருந்தால் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரி கெட்டிருக்கும். இரண்டு தடவையும் ஒரே மாதிரி தப்பு என்றால், யாரோ உட்கார்ந்து நிதானமாகச் செய்த தப்பு.

என்னிடம் பழைய ஃபைல் ஒரு பிளாப்பியில் இருந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டேன். ஆண்டு மாறியிருந்தது, ஒரு குறிப்புரை மாறியிருந்தது. அவற்றுக்கு நடுவே ஒரு புது வரி. ப்ரோக்ராமை நிறுவுகிறபோதே, அந்தக் கம்ப்யூட்டர் எது, அதில் கணக்கு வைத்திருப்பவர்கள் யார்யார் என்று திரட்டி எங்கோ ஒரு முகவரிக்கு மெயில் அனுப்புகிற வரி. விருந்துக்கு ஒறம்பரையாக வந்தவர் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, உள்ளே எத்தனை பேர், சாவி எங்கே வைப்பீர்கள் என்று கேட்பது போல. வெறும் கொடியைத் தூக்கிக் காட்டுகிற ப்ரோக்ராமுக்கு இது என்னத்துக்கு?

எழுதியவருக்கு மெயில் போட்டேன். அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஐரோப்பாவில் வடக்கே ஏதோ ஒரு பல்கலைக்கழகத்தில் இருந்தார் என்பதைத் தவிர எனக்கு ஒன்றும் தெரியாது. முகம் தெரியாது, வயது தெரியாது. அவர் எழுதுகிற மெயிலில் வணக்கம் இருக்காது, நன்றி இருக்காது, பெரிய எழுத்தே இருக்காது. ஒரு முறை நான் மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்டு ஒரு பிழையைக் கண்டுபிடித்து, மரியாதையாக இரண்டு பக்கத்துக்கு எழுதியனுப்பினேன். சின்ன எழுத்தில் 'ஓகே' என்று ஒரு சொல் பதில் வந்தது. அன்றைக்கு அந்த மனுஷன் மேல் வந்த கோபத்தில் தோசைக்கல்லைக் கழுவியே தேய்த்துவிட்டேன். பிறகு அது பழகிவிட்டது. பழகிய பிறகு அந்த ஆள் மேல் ஒரு மதிப்பு கூட வந்துவிட்டது.

இந்தத் தடவை பதில் மறுநாளே வந்தது. 'அன்புத் தோழிக்கு' என்று ஆரம்பித்திருந்தது. என்னுடைய அருமையான உழைப்புக்கு நன்றி. அந்த வரி எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்று தெரிந்துகொள்ளத்தான், கவலை வேண்டாம். பழைய ஃபைலில் பாதுகாப்பு ஓட்டை ஒன்று இருக்கிறது, அதனால் தயவுசெய்து வெள்ளிக்கிழமைக்குள் புது எண்ணைப் போட்டுவிடுங்கள், உங்களைப் போன்றவர்கள் கிடைத்தது என் பாக்கியம். இப்படிப் போயிற்று அந்த மெயில்.

எங்கள் பக்கத்தில் திட்டுவதென்றாலும் 'ங்க' போட்டுத்தான் திட்டுவோம். அதனால் மரியாதையை வைத்து ஆளை எடைபோட மாட்டோம், மரியாதை திடீரென்று கூடினால்தான் நிமிர்ந்து உட்காருவோம். தினமும் வா போ என்று பேசுகிற என் கணவர் ஒரு நாள் "வாங்க அம்மணி, உக்காருங்க" என்றார் என்றால், எதையோ தொலைத்துவிட்டு வந்திருக்கிறார் என்று அர்த்தம். 'ஓகே' என்று எழுதினவருக்குப் பாக்கியம் எங்கிருந்து முளைத்தது? ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதையாக இருந்தது எனக்கு.

ரிலீஸைக் கவனித்துக்கொண்டவர் ஓர் அமெரிக்கர், நியாயமான மனிதர். ஒன்றை எழுதினால் குழுவில் எல்லாருக்கும் போய்ச் சேருகிற மெயில் பட்டியல் ஒன்று உண்டு, அதில் எல்லார் முன்னாலும் எழுதினார். எழுதியவரே பதில் சொல்லிவிட்டாரே, அவருடைய ப்ரோக்ராமில் ஆட்களை எண்ணிக்கொள்வது அவர் இஷ்டம், பழையதில் ஓட்டை என்று அவரே சொல்லும்போது நாம் பழையதைக் கொடுப்பது எப்படி? உங்களுக்குத் தயக்கம் என்றால் வெள்ளிக்கிழமை புது எண்ணை நானே போட்டுவிடுகிறேன், உங்களுக்குச் சிரமம் வேண்டாம் என்றார்.

எனக்குச் சிரமம் ஒன்றுமில்லை. ஆனால் குறிப்பின் தலையில் இருப்பது அவர் பெயரில்லை, என் பெயர். அந்த ஃபைல் சிடியில் ஏறி ஊர் ஊராகப் போய், ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் வீட்டு விவரத்தை யாருக்கோ ஒப்பித்துக்கொண்டிருக்கும்போது, இதற்குப் பொறுப்பு யார் என்று பார்த்தால் நான் நிற்பேன். உலகத்தில் ஒரே ஓர் இடத்தில் என் பெயர் இருந்தது. அந்த இடமும் நாறிப்போகும்.

பதில் எழுதினேன். 'அவரையே கேட்பது சாட்சி ஆகாது. அந்த முகவரிக்குள் இப்போது உட்கார்ந்திருப்பது யார் என்பதுதான் கேள்வி. திருடனாக இருந்தாலும் இதே பதிலைத்தான் சொல்லுவான்.' அதற்கு ஒருவர் சிரிப்புக் குறி போட்டார். அமெரிக்கர், வெள்ளிக்கிழமை வரை பார்ப்போம் என்றார்.

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பார்கள். விசாரிப்பது எப்படி என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் நானே விசாரிக்கப்பட்டவள். என் பிறந்த ஊர் கொடுமுடி. மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வந்த அன்றைக்கு என்னை ஒரு கேள்வி கேட்கவில்லை. காப்பி நல்லாருக்குது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். கல்யாணமான பிறகுதான் தெரிந்தது, அதற்கு ஒரு மாதம் முன்பே கோயில் வாசல் பூக்காரம்மா, எனக்கு ரவிக்கை தைத்த டெய்லர், நான் கல்லூரிக்குப் போன பஸ்ஸின் கண்டக்டர் வரை கேட்டு முடித்திருந்தார்கள் என்று. கண்டக்டரிடம் நான் சில்லறை சரியாகக் கொடுப்பேனா என்று கூடக் கேட்டார்களாம். அதை நினைத்து நான் பல வருஷம் முகம் சுளித்திருக்கிறேன். எங்கள் சனம் பெண் வீட்டில் பெண்ணைப் பற்றிக் கேட்காது. பக்கத்து வீட்டில்தான் கேட்கும்.

எழுதியவருக்குப் பக்கத்து வீடு எது? ப்ரோக்ராமோடு கூட, உதவியவர்களுக்கு நன்றி சொல்லும் ஒரு பக்கம் உண்டு. மெயிலில் நன்றி சொல்லாத மனுஷன், அதில் மட்டும் நாலைந்து பேருக்குச் சொல்லியிருந்தார். அதில் ஒருவரின் முகவரி அதே பல்கலைக்கழகம், அதே துறை. முன்பின் தெரியாத அவருக்குப் புதன்கிழமை விடியலில் எழுதினேன். மெயிலில் கேட்காதீர்கள், தயவுசெய்து எழுந்து அவர் அறைவரை நடந்துபோய், முகத்தைப் பார்த்துக் கேளுங்கள், இந்த வரியை அவர் எழுதினாரா என்று. அனுப்பிவிட்டு இணைப்பைத் துண்டித்தேன். மனசு கொஞ்சம் அடங்கியது.

அன்று மதியமே வினை வந்தது. அந்தியூரிலிருந்து பம்ப் வாங்க வந்த ஒரு விவசாயி, பட்டறைக்குப் போகாமல் நேரே வீட்டுக்கு வந்து, விடிஞ்சதிலிருந்து போன் போட்டா எங்கேஜ்டாவே இருக்குதுங்களே என்று மாமியாரிடம் சொல்லிவிட்டார். அவருக்குத் தண்ணீர் கொடுத்து, காப்பி கொடுத்து, கணவரின் பட்டறைக்கு வழி சொல்லி அனுப்பிவிட்டு மாமியார் என் அறை வாசலில் வந்து நின்றார்.

"ஏன் கண்ணு, அந்தாளு ஆரு?"

"எந்தாளுங்க அத்தை?"

"வெளிநாட்டுல இருக்கறான்னு எம்மவன் சொன்னானே, அந்தாளு. எந்தூரு?"

"ஊரு சரியாத் தெரியாதுங்க."

"என்ன வயசு?"

"தெரியாதுங்க."

"கல்யாணம் காச்சி ஆயிருச்சா?"

"அதெல்லாம் எனக்கெப்பிடிங்க தெரியும்?"

"ஒண்ணுமே தெரியாத ஆளுக்குத்தான் கோழி கூப்பிட எந்திரிச்சு வேலை செய்யறயா? மடியில கனமில்லாட்டி வழியில என்ன பயம்? அறைக் கதவை எதுக்குச் சாத்திக்கறே?"

மோடம் சத்தம் உங்களை எழுப்பிவிடுமே என்றுதான் சாத்தினேன் என்று சொன்னேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டார். அந்தத் தலையாட்டலை எனக்குத் தெரியும், வியாபாரி சொன்னதைக் கேட்டுக்கொண்டே மாட்டின் பின்னால் போய் நிற்கிறவரின் தலையாட்டல். சாயங்காலம் ஹாலுக்கு வந்து பார்த்தால் போனுக்கு ஒரு மரப்பெட்டி வந்திருந்தது. அந்தக் காலத்தில் எஸ்டிடி பில்லுக்குப் பயந்து பல வீடுகளில் அப்படிப் பெட்டி இருந்தது. என் வயரைப் பிடுங்கி உள்ளே சுருட்டி வைத்து, பெட்டிக்குப் பூட்டும் போட்டாயிற்று. சாவி அவர் இடுப்பில். மணி அடித்தால் அவர்தான் வந்து திறப்பார்.

கணவரிடம் சொன்னேன். அம்மாகிட்ட பேசறேன் என்றார். பேசறேன் என்றால் பேசமாட்டார் என்று பொருள். மறுநாள் பட்டறையில் அவசர ஆர்டர் என்று சீக்கிரமே போய்விட்டார்.

வியாழக்கிழமை முழுக்க அந்தப் பெட்டியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எஸ்டிடி பூத்தில் போய் மோடத்தைச் செருக முடியாது. பதில் வந்ததா என்று தெரியாது. சமைத்தேன், உப்புப் போட மறந்தேன். மாமியார் மோரை ஊற்றிச் சாப்பிட்டு எழுந்தார். பிறகு நல்ல புடவை கட்டிக்கொண்டு எங்கோ கிளம்பினார். பெட்டியில் பூட்டு தொங்கியது. உடைத்துவிடலாமா என்று ஒரு கணம் கொலைவெறியே வந்தது. உடைத்தால் அவர் நினைப்பது உண்மையென்று ஆகிவிடும் என்று கையைக் கட்டிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை விடியலில் எழுந்து பால் காய்ச்சிக்கொண்டிருந்தேன். ஹாலில் பூட்டு திறக்கிற சத்தம் கேட்டது. வந்து பார்த்தால் மாமியார் பெட்டியைத் திறந்து, என் வயரைக் கையில் பிடித்தபடி, எந்த ஓட்டையில் செருகுவது என்று தெரியாமல் நின்றிருந்தார்.

"போ கண்ணு, உம்பட வேலையப் பாரு. பால நாம் பாத்துக்கறேன்."

ஏன் திடீரென்று என்று கேட்க எனக்கு அவகாசமில்லை. வயரைச் செருகிவிட்டு ஓடினேன். மோடம் கத்தி, இழுத்து, ஒரு வழியாகப் பிடித்தது. பக்கத்து அறைக்காரரின் பதில் வந்து ஒரு நாளாகியிருந்தது. நடந்து போனேன், அறை பூட்டியிருக்கிறது, அவர் மூன்று வாரமாக மலையேறப் போயிருக்கிறார், அங்கே கம்ப்யூட்டர் கிடையாது, விடுதிக்குப் போன் போட்டுப் பேசினேன், அவர் உங்களுக்கு எந்த மெயிலும் எழுதவில்லை, எந்த வரியும் சேர்க்கவில்லை என்று இருந்தது.

சேரிலேயே சாய்ந்துவிட்டேன். அழுகை வந்தது, சிரிப்பும் வந்தது. அதை அப்படியே பட்டியலுக்கு அனுப்பினேன். அமெரிக்கருக்கு அப்போது வியாழன் சாயங்காலம். கொஞ்ச நேரத்தில் எழுதினார், புது ஃபைலை எல்லா இடத்திலிருந்தும் எடுத்தாயிற்று, உங்களிடமிருக்கும் பழைய ஃபைலை ஏற்றி விடுங்கள், எண் பொருந்துகிறதா என்று நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று. பிளாப்பியிலிருந்து ஏற்றினேன். அவ்வளவு நேரமும் ஹாலில் யாரும் ரிசீவரை எடுக்கவில்லை. எண் பொருந்தியது. என் பெயரோடு சிடியில் ஏறியது.

எழுதியவர் மலையிலிருந்து இறங்கிய பிறகு ஒரு மெயில் வந்தது. முழுக்கச் சின்ன எழுத்து. நான் இல்லை, பாஸ்வேர்டு மாற்றிவிட்டேன், என் நண்பர்களிடம் என்னைப் பற்றி விசாரிக்காதே, என்னையே கேட்டிருக்கலாம் என்று இருந்தது. நன்றி இல்லை. படித்ததும் எனக்கு அப்படியொரு சந்தோஷம். இது அவரேதான், சத்தியமாக அவரேதான். 'உங்களைத்தான் கேட்டேன். பதில் சொன்னவர் நீங்களில்லை' என்று எழுதினேன். 'ஓகே' என்று வந்தது.

அடுத்த முகூர்த்தத்தில் கொடுமுடியில் ஒரு கல்யாணம். பந்தியில் என் பக்கத்து இலையில் மாமியாரின் ஒன்றுவிட்ட தங்கை மகன் உட்கார்ந்தார். கோயமுத்தூர் டெலிபோன் ஆபீஸில் வேலை பார்ப்பவர். ரசத்துக்குக் கையை நீட்டிக்கொண்டே இயல்பாகச் சொன்னார்.

"பெரியம்மா அன்னிக்கு வேலை மெனக்கெட்டு ஆபீசுக்கே வந்துட்டாங்கங்க. மருமவ ஆருக்குப் போன் பண்றான்னு பாத்துச் சொல்லுன்னாங்க. நாம் பாத்தேன், எல்லாம் ஒரே நம்பரு, இன்டர்நெட்டுக்குன்னு இருக்கற சர்க்காரு நம்பரு. அதுல மனுசனே பேசமாட்டான் பெரியம்மா, வெறும் மிஷினுதான்னு சொல்லி அனுப்பிச்சேனுங்க."

எனக்கு இலை மங்கலாகத் தெரிந்தது. வியாழக்கிழமை நல்ல புடவை எதற்கென்று இப்போது புரிந்தது. எத்தனை வருஷம் அந்த வீட்டில் குப்பை கொட்டியிருக்கிறேன், இன்னும் கண்டக்டரிடம் கேட்கிற கதைதானா? பாயசத்தைத் தொடவில்லை. பஸ் ஏறி ஊர் வந்தோம். வீட்டுக்குள் நுழைந்து, அவர் செருப்பைக் கழற்றுவதற்குள் கேட்டுவிட்டேன்.

"என்னைப் பத்தி டெலிபோன் ஆபீசுல போய் விசாரிச்சீங்களா அத்தை?"

"ஆமாங்கண்ணு." மறைக்கவில்லை, தயங்கவும் இல்லை.

"எங்கிட்டயே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமுல்லீங்க?"

"உங்கிட்டத்தான் கேட்டனே. ஆருகிட்டயும் பேசலீங்கன்னே." புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "தப்புப் பண்றவளும் அதையேதான கண்ணு சொல்லுவா?"

பட்டியலில் அத்தனை பேர் முன்னால் நான் எழுதிய வரியை, ஓர் எழுத்து இங்கிலீஷ் தெரியாத மனுஷி என் முகத்துக்கு நேரே படித்துக் காட்டுகிறார். கோபம் அப்படியே இருந்தது. ஆனால் அதை வைக்க இடமில்லாமல் போயிற்று.

அவர் உள்ளே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார். "அந்தக் கள்ளன் ஆருன்னு தெரிஞ்சுதா? எம்மவன் எல்லாஞ் சொன்னான்."

"தெரியலீங்க அத்தை. கடைசி வரைக்கும் தெரியல."

"அப்ப பொட்டியப் பூட்டியே வெச்சுப்போடு," என்று இடுப்பிலிருந்து சாவியை எடுத்து என் கையில் கொடுத்தார். "இனி நீயே வெச்சுக்க. எனக்கு வேணும்னா உங்கிட்டக் கேட்டுக்கறேன்."

அன்றிலிருந்து சாவி என்னிடம்தான் இருந்தது. அவர் போன் பேச வேண்டுமென்றால் என் அறைக் கதவைத் தட்டிக் கேட்பார். கேட்டு வாங்கி, பேசி முடித்து, திருப்பிக் கொடுப்பார். ஒரு நாளும் தவறியதில்லை.

கடையில் எந்தப் பூட்டு வாங்கினாலும் இரண்டு சாவியோடுதான் தருவார்கள். அந்த இன்னொரு சாவியைப் பற்றி நான் அவரிடம் கேட்கவில்லை. கேட்டால் என்ன சொல்லுவார் என்று எனக்குத் தெரியும்.